"பழையதைத் தொடவே வேண்டாம்" என்று எழுதிய மகானுக்கு: ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட், புதியவர்களுக்கு எது?

எஃகுக்கை:
நேற்று ஒரு பரிந்துரைப் பட்டியல் கண்ணில் பட்டது. அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன், பக்கமே தலைவைக்காதவர்களுக்காக எழுதியதாம். முதல் இடம், 2009-இல் வந்த "ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்". இறந்த அம்மாவை ரசவாதத்தால் உயிர்ப்பிக்கப் பார்த்து, அண்ணன் எட்வர்ட் கையையும் காலையும், தம்பி அல்ஃபோன்ஸ் உடம்பையே இழந்து வெறும் கவசமாகி, அவற்றை மீட்கப் புறப்படும் கதை. சரி, மகிழ்ச்சி. அதற்குக் கீழே ஒரு வரி: "2003-இல் வந்த பழைய தொடரைத் தொடவே வேண்டாம், அது வெறும் ஒத்திகை." அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

51 எபிசோடு. செய்ஜி மிசுஷிமா இயக்கம், ஷோ ஐகாவா திரைக்கதை, மிச்சிரு ஓஷிமா இசை. இது ஒத்திகையா? ஹிரோமு அரகாவா எழுதி வரைந்த மங்கா, அதாவது மூலப் படக்கதை, பாதி தூரம்கூட வராத நேரத்தில், நீங்கள் வேறு முடிவுக்குப் போங்கள் என்று அவரே சொல்லி, அதன்படி தனி வழியில் போன தொடர் அது. இரண்டையும் எடுத்தது போன்ஸ் ஸ்டூடியோதான் என்பதாவது பட்டியல் போட்டவருக்குத் தெரியுமா?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சகோதரர்களுக்கு வேண்டப்பட்ட ராணுவ அதிகாரி மேஸ் ஹியூஸ் எத்தனையாவது எபிசோடில் சாகிறார்? பழையதில் 25. பிரதர்ஹுட்டில் 10. பத்து! எழவு வீட்டுக்குப் போய் செத்தவர் யார் என்று விசாரிப்பது போல இருக்கிறது அந்த பத்தாவது எபிசோடு. புதிதாக வருகிறவருக்கு அதைக் கொடுத்தால் எங்கிருந்து அழுகை வரும்?

மத்திய_நூலகம்:
வந்துவிட்டார். 25-ஆம் எண் பேருந்து.

தம்பட்டம் அடிப்பதற்கு முன்னால் மங்காவைத் திறந்து பாருங்கள். மொத்தம் 27 தொகுதி. ஹியூஸ் போவது 4-ஆம் தொகுதியில். கணக்குப் போட்டால் நூற்றுக்கு 15. பிரதர்ஹுட்டில் 64-இல் 10, நூற்றுக்கு 16 கூட இல்லை. எழுதியவர் எந்த இடத்தில் வைத்தாரோ, கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் வைத்திருக்கிறார்கள். உங்கள் 25 தான் 51-இல் பாதி. யார் கதையை யார் இழுத்தது?

எஃகுக்கை:
சதவீதம் வைத்து அழ முடியாது தம்பி. ஒரு ஆளோடு எவ்வளவு நேரம் பழகினோம் என்பதுதான் விஷயம். பழையதில் ஹியூஸ் ரயில் கடத்தல் எபிசோடிலேயே வந்துவிடுகிறார். எட்வர்டின் பிறந்தநாள் அன்றே அவர் மகள் எலிசியா பிறக்கிறாள், பனி கொட்டுகிறது, சகோதரர்கள் இருவரும் அந்த வீட்டில் மாட்டிக்கொண்டு கைகால் ஓடாமல் நிற்கிறார்கள். அந்தக் குழந்தையை இடுக்கிக்கொண்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் போட்டோ காட்டிக்கொண்டு அவர் திரிவதை அத்தனை எபிசோடு பார்த்த பிறகு வருகிறது அவர் சாகும் அந்தத் தொலைபேசிக் கூண்டு. 25. மறுபடியும் சொல்கிறேன், 25.

புதுசா_வந்தவன்:
வணக்கம். நான் இதுவரை ஒரு அனிமேகூட முழுதாகப் பார்த்தது இல்லை. நண்பர் இந்தத் தொடரைச் சொன்னார், எதில் ஆரம்பிப்பது என்று தேடி இங்கே வந்தேன். ஹியூஸ் என்பவர் செத்துவிடுவாரா?

வெயில்நேரம்:
நாசமாய்ப் போங்கள் எல்லோரும். புதியவர்களுக்கு என்று தலைப்பு வைத்துவிட்டு முதல் பதிவிலேயே ஆளைக் கொன்றாயிற்று. ஸ்பாய்லர் என்று ஒரு வார்த்தை மேலே போட்டால் விரலா ஒடிந்துவிடும்?

எஃகுக்கை:
ஜப்பானில் 2004-இல் ஒளிபரப்பான எபிசோடுக்கு என்ன ஸ்பாய்லர்? கர்ணன் சாவான் என்று சொன்னால்கூட எச்சரிக்கை போடவேண்டுமா?

வெயில்நேரம்:
கர்ணன் கதை பாட்டி சொல்லிக் கேட்டது. ஹியூஸ் கதையை எந்தப் பாட்டி சொன்னார்? போன முறையும் இதே வேலைதான் செய்தீர்கள். வேறொரு தொடரின் கடைசி அத்தியாயத்தைத் தலைப்பிலேயே போட்டு, கேட்டவர்களிடம் "சீக்கிரம் படித்திருக்கவேண்டும்" என்றீர்கள். நான் மறக்கவில்லை.

மத்திய_நூலகம்:
முதலில், நான் உங்களுக்குத் தம்பி இல்லை. தங்கையும் இல்லை. அக்காவாக இருக்க வாய்ப்பு அதிகம். பெயரில் பால் தெரியவில்லை என்றால் உடனே தம்பி ஆக்கிவிடுவது என்ன பழக்கமோ. அரகாவாவுக்கும் இதே கதிதான். ஹிரோமி என்ற பெயரை ஹிரோமு என்று மாற்றி எழுதியதால் பாதிப் பேர் இன்னும் ஆண் என்றே நினைக்கிறார்கள். நீங்களும் போன வருடம் "அரகாவா சார்" என்றுதான் எழுதினீர்கள்.

இரண்டாவது, பிரதர்ஹுட்டில் ஹியூஸ் முதல் எபிசோடிலேயே வருகிறார். உறைபனி ரசவாதி ஐசக் மெக்டூகல் வரும் அந்த எபிசோடு மங்காவில் கிடையாது, அனிமேக்காகவே புதிதாக எழுதியது. அதில் சகோதரர்களைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய் மனைவி கிரேசியா சமையலைப் போடுகிறார். பழகவில்லை, பழகவில்லை என்றால்? இலை போட்டுச் சாப்பாடே போட்டாயிற்று.

எஃகுக்கை:
சரி, அக்கா. முதல் எபிசோடில் சாப்பாடு, பத்தாவதில் சாவு. இடையில் எத்தனை காட்சி? எண்ணிச் சொல்லுங்கள்.

கறுப்புவெள்ளை:
இரண்டும் வேண்டாம். மங்கா படிக்கச் சொல்லுங்கள். 2001-இல் "ஷோனென் கங்கன்" மாத இதழில் தொடங்கி 2010 ஜூனில் முடிந்தது, 108 அத்தியாயம். சிக்கெடுத்த நூல் மாதிரி ஒரு இழைகூட விட்டுப்போகாமல் முடியும். ஹொக்கைடோவில் பால் பண்ணைக் குடும்பத்தில் பிறந்து, ஏழு வருடம் மாட்டோடும் வயலோடும் உழைத்துவிட்டு டோக்கியோ போனவர் எழுதியது. அதனால்தான் அவர் படத்தில் கை என்றால் உழைத்த கையாக இருக்கும், தசை என்றால் தசையாக இருக்கும். பெண்கள் பட்டறையில் ஸ்பானர் பிடித்திருப்பார்கள், பிடிக்கவேண்டியபடி பிடித்திருப்பார்கள். எட்வர்டின் இயந்திரக் கையைச் செய்யும் வின்ரியைப் பாருங்கள்.

எஃகுக்கை:
மங்காவை நான் குறை சொல்லவே இல்லையே. மங்காவில் மாதத்துக்கு ஒரு அத்தியாயம் வந்தது. 4-ஆம் தொகுதி வருவதற்குள் வாசகன் ஒரு வருடத்துக்கு மேல் ஹியூஸோடு குடும்பம் நடத்தியிருப்பான். பிரதர்ஹுட் அதை இரண்டே மாதத்தில் அடித்துவிட்டது.

மத்திய_நூலகம்:
இன்றைக்குப் புதிதாக வருகிறவர் மாதத்துக்கு ஒரு அத்தியாயமா படிக்கப்போகிறார்? ஒரே ஞாயிற்றுக்கிழமையில் 4 தொகுதி முடித்துவிடுவார். அவருக்கு மட்டும் ஹியூஸ் எப்படிப் பழக்கமாவார்? வாயிலிருந்து வருவது தனக்கே எதிராகப் போவதுகூடத் தெரியவில்லை.

இட்லிப்பொடி:
நடுவில் ஒரு சந்தேகம். தலைப்பில் "புதியவர்களுக்கு எது" என்று இருக்கிறது. நன்றாகச் செய்யப்பட்ட தொடர் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? கதைக்கட்டா, படம் வரைந்த நேர்த்தியா, முடிவா? அதை முதலில் பேசி முடித்துவிட்டால் இந்த 25, 10 எல்லாம்...

எஃகுக்கை:
அதெல்லாம் அப்புறம். 25-ஐ முதலில் முடிப்போம்.

ஹியூஸை விடுங்கள், நீனாவுக்கு வாருங்கள். பழையதில் அரசு ரசவாதித் தேர்வுக்குப் படிக்க சகோதரர்கள் ஷோ டக்கர் வீட்டில் போய்த் தங்குகிறார்கள். அவர் மகள் நீனா, அவள் நாய் அலெக்சாண்டர், அந்தப் பெரிய நூலகம். 6, 7 இரண்டு எபிசோடு. அந்த வீட்டின் படிக்கட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று நமக்கே தெரிந்துவிடும். பிறகு அந்த இருட்டறையில் டக்கர் மண்டியிட்டு, மகளையும் நாயையும் ஒரே மிருகமாக ஒட்டிவிட்டு "பேசும் கைமீரா செய்துவிட்டேன்" என்று காட்டும்போது, அது எட்வர்டை "அண்ணா" என்று கூப்பிடும்போது, வயிற்றில் ஏதோ புரளும். சனிக்கிழமை மாலை 6 மணிக்கு இதைக் குழந்தைகளுக்குப் போட்டார்கள் ஐயா. பிரதர்ஹுட்டில்? நாலாவது எபிசோடில் வந்தாள், நாலாவது எபிசோடிலேயே போனாள்.

மத்திய_நூலகம்:
மங்காவில் நீனாவுக்கு ஒரே அத்தியாயம். ஒன்று. அதற்கே படித்தவர்கள் எல்லோரும் இன்றுவரை டக்கரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதுதான் எழுத்து. நீட்டி முழக்கித்தான் அழவைக்கவேண்டும் என்றால் அதற்கு மெகா சீரியல் இருக்கிறது.

தவிர, உங்கள் 2003 தொடர் டக்கரைச் சாகவிட்டதா? கைமீரா உருவத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கடைசிவரை இழுத்துக்கொண்டு வந்தது. நீனாவின் சாவுக்கு இருந்த கனம் அங்கேயே பாதி போயிற்று.

எஃகுக்கை:
போகவில்லை. மகளைத் திரும்பக் கொண்டுவர அவன் என்ன ஆகிறான் என்பதை அந்தத் தொடர் கடைசிவரை துரத்திக்கொண்டு போகிறது. ஒன்றைப் பெற அதே மதிப்புள்ள ஒன்றைக் கொடுக்கவேண்டும் என்கிற சம பரிமாற்றம் என்பதே பொய்யோ என்று கேட்கிற துணிச்சல் பழையதில்தான் இருக்கிறது. மனிதரை உயிர்ப்பிக்கப் பார்த்து அது தவறிப்போனால் அங்கே பிறப்பது ஹோமங்குலஸ். அதனால் அந்தச் சகோதரர்கள் சண்டை போடவேண்டியது யாரோடு என்று யோசித்துப் பாருங்கள். பிரதர்ஹுட்டில் ஹோமங்குலஸ்கள் எல்லாம் ஒரே ஆள் பெற்றுப்போட்ட அடியாட்கள்.

வெயில்நேரம்:
அடுத்த ஸ்பாய்லர். வாழ்க.

புதுசா_வந்தவன்:
எனக்கு ஹோமங்குலஸ் என்றால் என்ன என்றே தெரியாது, அதனால் பரவாயில்லை. எதில் ஆரம்பிக்கலாம்?

மத்திய_நூலகம்:
அடியாட்களா! பேராசை, பொறாமை, சோம்பல் என்று ஒவ்வொருவரும் ஒரு ஆளிடமிருந்து கழற்றி எறியப்பட்ட குணம். கடைசியில் யார் எப்படிச் சாகிறார்கள் என்பதைப் பாருங்கள், ஒவ்வொரு சாவும் அந்தக் குணத்துக்கு ஏற்றபடிதான் இருக்கும். பேராசையான கிரீட் கடைசியில் என்ன கேட்டான் என்பதை நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைக்கும். அதைவிட, ஹியூஸ் விஷயத்துக்கே வருகிறேன், உங்களுக்கு அதுதானே பிடித்த பாட்டு. அவர் ஏன் கொல்லப்படுகிறார்? ராணுவக் காப்பகத்தில் நாட்டு வரைபடத்தை விரித்துவைத்து, ரத்தம் சிந்திய ஊர்களைக் கோடு போட்டு இணைத்துப் பார்க்கிறார். லியோர், இஷ்வால், இன்னும் மற்றவை. என்ன வடிவம் வருகிறது என்று புரிந்த நொடியில் அவர் கதை முடிந்தது. அந்த வரைபடம்தான் தொடரின் மிச்சம் முழுவதும். பத்தாவது எபிசோடில் போட்ட முடிச்சை அறுபதுக்குப் பிறகு அவிழ்க்கிறார்கள். கட்டமைப்பு என்றால் இது. பழையதில் அவர் கண்டுபிடிப்பது என்ன? ஒரு செயலாளரின் பெயர்.

எஃகுக்கை:
"ஒரு செயலாளரின் பெயர்." அடடா. இஷ்வால் போரைத் தொடக்கிவைத்ததாகப் பதிவேட்டில் இருக்கிற பெயர், நாட்டை ஆளும் ஃப்யூரரின் அறைக்கு வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறது. அந்தக் குளிர் உங்களுக்கு உறைக்கவில்லை என்றால் நான் என்ன செய்ய? நுனிப்புல் மேய்ந்துவிட்டு வந்தால் இப்படித்தான்.

கூண்டுக் காட்சிக்கே வருகிறேன். ராஸ் என்ற ராணுவப் பெண்ணின் உருவத்தில் வந்து நிற்கும், உருவம் மாற்றத் தெரிந்த ஆளைப் பார்த்து, கண்ணுக்குக் கீழே மச்சம் எங்கே என்று கண்டுபிடித்துவிடுகிற ஹியூஸ், அடுத்த நொடியில் அந்த ஆள் எடுக்கும் மனைவி முகத்தைப் பார்த்து ஒரு விநாடி கத்தியை நிறுத்துகிறார். அந்த ஒரு விநாடிக்குப் பின்னால் 25 எபிசோடு இருக்கவேண்டும். 10 போதாது.

மத்திய_நூலகம்:
மச்சம் மங்காவில் இருப்பது. மனைவி முகம் மங்காவில் இருப்பது. அவ்வளவையும் அங்கிருந்து எடுத்துக்கொண்டு, புகழை மட்டும் 25-க்குக் கொடுக்கிறீர்கள்.

டிராகன்பழம்:
ஆங்கில டப்பில் பாருங்கள் மக்களே. அதுதான் சொர்க்கம்.

இட்லிப்பொடி:
ஐயோ, இவர் எங்கிருந்து வந்தார்.

எஃகுக்கை:
டப்பா? ரோமி பாக்கு, ரியே குகிமியா இரண்டு பேரும் இரண்டு தொடரிலும் எட்வர்டும் அல்ஃபோன்ஸுமாகப் பேசியிருக்கிறார்கள். அந்தக் குரலை விட்டுவிட்டு டப் பார்க்கிறவரிடம் நான் பேசுவதில்லை.

டிராகன்பழம்:
பேசிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். டப்பில் பழைய அல்ஃபோன்ஸுக்குக் குரல் கொடுத்த ஆரன் டிஸ்மியூக் அப்போது உண்மையிலேயே சிறுவன். அந்தக் கவசத்துக்குள்ளிருந்து ஒரு நிஜக் குழந்தையின் குரல் வருவது ஜப்பானிய மொழியில்கூட இல்லாத விஷயம். பிரதர்ஹுட் எடுக்கும்போது அவருக்குக் குரல் உடைந்துவிட்டது, மேக்ஸி வைட்ஹெட் வந்தார்.

எஃகுக்கை:
பாருங்கள், டப் பார்க்கிறவர்கூட 2003 என்கிறார்.

டிராகன்பழம்:
நான் அப்படிச் சொல்லவே இல்லை. எனக்குப் பிரதர்ஹுட்தான் பிடிக்கும். என்னை உங்கள் கட்சியில் சேர்க்காதீர்கள்.

மத்திய_நூலகம்:
குரல் என்றதும் நினைவு வருகிறது. ஹியூஸின் நண்பர் கர்னல் மஸ்டாங்குக்கு ஆள் மாறினார்கள். தோரு ஓகாவா போய் ஷின்இச்சிரோ மிகி வந்தார். இறுதிச்சடங்கு முடிந்து, வெயில் அடிக்கிற வானத்தின் கீழே மழை வருகிறது என்று மஸ்டாங் சொல்லும் இடத்தில் இரண்டு பேருமே ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

எஃகுக்கை:
ஓகாவாதான். மிகி நல்ல நடிகர், ஆனால் அவருக்கு வரும் வருத்தம் பத்து எபிசோடு வருத்தம்.

மத்திய_நூலகம்:
குரலுக்குமா எண்ணிக்கை! பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

கறுப்புவெள்ளை:
அந்த இடத்தில் மங்காவில் குரலே இல்லை. தொப்பியை இழுத்துவிட்டுக்கொள்கிறார், அந்த ஒரு வரி, அவ்வளவுதான். அதுவே போதும்.

புதுசா_வந்தவன்:
யாராவது ஒருவர் ஒரே ஒரு காரணம் சொல்லுங்கள், ஏன் இதைப் பார்க்கவேண்டும் என்று. யாரும் சாகாத காரணமாக இருந்தால் நல்லது.

இட்லிப்பொடி:
நான் சொல்கிறேன் தம்பி. லியோர் என்று ஒரு ஊர். மதகுரு ஒருவர் அற்புதம் செய்து ஏமாற்றுகிறார். இறந்த காதலன் திரும்பி வருவான் என்று நம்பிக்கொண்டிருக்கும் ரோஸ் என்ற பெண்ணிடம் எட்வர்ட் ஒரு பட்டியலை ஒப்பிக்கிறான். தண்ணீர் 35 லிட்டர், கார்பன் 20 கிலோ, அம்மோனியா 4 லிட்டர், சுண்ணாம்பு ஒன்றரைக் கிலோ, பாஸ்பரஸ் 800 கிராம், உப்பு 250 கிராம் என்று போகிறது. ஒரு வளர்ந்த மனித உடம்புக்கு வேண்டிய சரக்கு அவ்வளவுதான், ஒரு பையன் தன் கைக்காசிலேயே கடையில் வாங்கிவிடலாம் என்கிறான். எல்லாம் வாங்கிக் கலந்தும் ஒரு மனிதரைச் செய்ய முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதுதான் கதை. மந்திரம் வரும் கதைகளில், என்ன முடியும், என்ன முடியாது என்று முதல் அத்தியாயத்திலேயே விலைப்பட்டியல் ஒட்டிவிட்டு, கடைசிவரை அதை மீறாமல் நடந்த கதை ரொம்பக் குறைவு. அதனால் பாருங்கள்.

புதுசா_வந்தவன்:
இது நன்றாக இருக்கிறது. இது எந்தத் தொடரில் வருகிறது?

இட்லிப்பொடி:
இரண்டிலும்.

எஃகுக்கை:
இரண்டிலும் வருகிறது, ஆனால் பழையதில் லியோர் முதல் இரண்டு எபிசோடு முழுக்க. அங்கே ஒரே எபிசோடில் அடைத்துவிட்டார்கள். நீனாவுக்கு ஆனது, ஹியூஸுக்கு ஆனது, அதேதான் லியோருக்கும். நான் முதலிலிருந்து சொல்வது இதுதான். புதியவர் என்றால் முதல் பத்து எபிசோடுதான் அவர் உள்ளே வருவாரா, வெளியே போவாரா என்று முடிவு செய்யும். அந்தப் பத்தில் பிரதர்ஹுட் ஓட்டப் பந்தயம் ஓடுகிறது. ஏன்? பழையதைத்தான் எல்லோரும் பார்த்துவிட்டார்களே என்ற நினைப்பு. அதாவது, பிரதர்ஹுட்டே நீங்கள் 2003 பார்த்திருப்பீர்கள் என்று நம்பித்தான் எடுக்கப்பட்டது! ஒத்திகை என்று எழுதியவர் இதற்குப் பதில் சொல்லட்டும்.

மத்திய_நூலகம்:
அவர் இங்கே இல்லை, நான்தான் இருக்கிறேன். அதனால் கேளுங்கள். புதியவரை உங்கள் பேச்சைக் கேட்டு 2003-இல் உட்காரவைத்தால் கடைசியில் எங்கே கொண்டுபோய் நிறுத்துவீர்கள்? கதை நடக்கும் அமெஸ்ட்ரிஸ் நாட்டில் ஆரம்பித்தவர் ஜெர்மனியில் நிற்பார். அதுவும் முடிவு இல்லை, மிச்சத்துக்கு 2005-இல் வந்த "ஷம்பாலா" படத்தைப் பார் என்பீர்கள். 1923 மியூனிக், துலே சங்கம், நாஜிக்கள். ரசவாதம் பார்க்க வந்தவர் வரலாற்றுப் பாடத்தில் மாட்டிக்கொள்வார். பிரதர்ஹுட் 2010 ஜூலை 4 அன்று முடிந்தது, மங்கா முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எழுதியவரின் முடிவு சுடச்சுட அப்படியே திரைக்கு வந்தது. வேறு என்ன வேண்டும்?

எஃகுக்கை:
25 வேண்டும்.

வெயில்நேரம்:
ஜெர்மனி போவது வரைக்கும் சொல்லியாயிற்று. இனி அந்தப் பையன் பார்ப்பதற்கு என்ன மிச்சம்? 2017-இல் வந்த நடிகர்கள் படத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், அதை மட்டும்தான் யாரும் கெடுக்கவில்லை.

டிராகன்பழம்:
அந்தப் படம் அவ்வளவு மோசம் இல்லை. அல்ஃபோன்ஸின் கவசம் நன்றாகவே இருந்தது.

எஃகுக்கை:
இந்த ஒரு விஷயத்தில் நானும் அக்காவும் ஒரே பக்கம் என்று நினைக்கிறேன்.

மத்திய_நூலகம்:
என்னைச் சேர்க்காதீர்கள். கவசம் நன்றாகத்தான் இருந்தது.

எஃகுக்கை:
எனக்குத் தெரியும், நான் ஆம் என்றால் இல்லை என்பீர்கள். இருக்கட்டும். இதற்கு ஒரு பதில் சொல்லுங்கள். யூஸ்வெல் சுரங்க ஊர் பிரதர்ஹுட்டில் எங்கே? மங்காவில் இருக்கிறது, பழையதில் ஒரு முழு எபிசோடு இருக்கிறது. நீங்கள் கொண்டாடும் "அப்படியே எடுத்தது" தொடரில் அதைக் காணோம். பிறகு பாதியில் அந்த ஊர் அதிகாரியாக இருந்த யோக்கி என்று ஒரு ஆள், ரசவாதிகளைக் கொன்று திரியும் ஸ்காரோடு திரிகிறான், இவன் யார் என்று விளக்க, பழைய ஊமைப் படம் மாதிரி ஒரு துண்டை ஓட்டிவிட்டுப் போகிறார்கள். புதியவருக்கு யோக்கி யார் என்று எப்படித் தெரியும்?

மத்திய_நூலகம்:
அந்த ஊமைப் படத் துண்டு அருமையாக இருக்கும். தவிர, யோக்கியைப் பற்றி இந்த உலகத்தில் யாருக்குக் கவலை?

கறுப்புவெள்ளை:
எனக்கு.

எஃகுக்கை:
எழுதிக்கொள்ளுங்கள் அக்கா, மங்கா படித்தவரே சொல்லிவிட்டார். இரவு உட்கார்ந்து யூஸ்வெல் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

கறுப்புவெள்ளை:
நான் உங்களுக்காகச் சொல்லவில்லை. பழையதில் யோக்கியையும் கெடுத்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

எஃகுக்கை:
கெடுத்தார்களா? எந்த எபிசோடில்? எண் சொல்லுங்கள்.